கைப்பிடியை முறுக்கியும் வேகம் ஏறவில்லையா? கடற்கரைக் கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்

அரிசி, பருப்பு விற்பவர்களின் பத்திரிகையில் படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று உள்ளூர் நகரங்களில் கடை வைத்திருக்கும் அன்பர்கள் கேட்கலாம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். இந்தக் கரையில் பலசரக்குக் கடை என்றால் ஒரு ஓரத்தில் அரிசி மூட்டையும் உப்பு மூட்டையும் இருக்கும். இன்னொரு ஓரத்தில் நரம்பு நூல், தூண்டில் முள், டூ-டி ஆயில், பிளக், கேபிள் எல்லாம் தொங்கும். வள்ளம் கடலுக்குப் போனால்தான் நம் பற்று வரவு நோட்டில் வரவுப் பக்கம் நிறையும். மோட்டார் படுத்துவிட்டால் அந்த வீட்டின் அரிசிக் கணக்கும் படுத்துவிடும். மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் தொழிலாளி முதலில் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். அவர் சொல்லும் குறையைப் புரிந்துகொள்ளாமல் சாமானை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சொந்தச் செலவில் கற்றோம். அதையே இங்கு பாடமாக எழுதுகிறோம்.

எங்கள் கடையில் பல ஆண்டுகளாகப் பற்று வைத்திருக்கும் ஒரு தொழிலாளி, சில ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை வந்தார். "அண்ணாச்சி, மோட்டார் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுது. ஆனா கைப்பிடிய முழுக்க முறுக்கினாலும் வேகம் ஏற மாட்டேங்குது" என்றார். நாங்கள் யோசிக்கவே இல்லை. கார்புரேட்டர் அடைப்பாக இருக்கும் என்று ஒரு கார்புரேட்டர் கிட், இரண்டு பிளக் எடுத்துக் கொடுத்துப் பற்றில் எழுதினோம். மறுநாள் திரும்பி வந்தார், குணமாகவில்லை என்றார். பெட்ரோல் ஃபில்டரும் குழாயும் கொடுத்தோம். அதற்கு மறுநாளும் அதே கதைதான். நான்கு நாள் வள்ளம் கரையில் கிடந்தது. ஐந்தாம் நாள் வேறு ஊரிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கார்புரேட்டருக்குப் போகும் சிறு கம்பியின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழ்க் கிண்ணம் விண்டு, கம்பி அரைகுறையாகத் தொற்றிக்கொண்டு இருந்தது. ஒரு கிலோ பருப்பு விலைகூடப் பெறாத சாமான் அது.

அவர் எங்களிடம் சண்டை போடவில்லை. "நீங்களும் கேட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கிட்டையும் பிளக்கையும் நாங்கள் திருப்பி எடுத்துக்கொண்டோம். போன நான்கு நாளை யார் திருப்பித் தருவது? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்தக் காலத்தில் நாட்டு வள்ளங்கள் கொண்டு வரும் மீனுக்குத்தான் விலை. அதில் நான்கு நாள் என்றால் சாதாரண நாட்களின் நான்கு அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம்.

டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு ஆக்ஸிலேட்டர் என்றால் தெரியும். கைப்பிடியை முறுக்கினால் கேபிள் இழுக்கும், கார்புரேட்டர் திறக்கும். விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். 8, 9.9 குதிரைசக்தி படகு மோட்டாரிலும் அடிப்படை இதுதான். ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. அவற்றை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதலாவது, மோட்டார் கைப்பிடி தானாகத் திரும்பி வராது. முறுக்கிய இடத்திலேயே நிற்கும். வலை இழுக்கவும் தண்ணீர் இறைக்கவும் கை வேண்டும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க கைப்பிடியில் ஒரு திருகும் இருக்கும். வேகத்தைக் குறைக்க நாமே பின்னால் முறுக்க வேண்டும். அதனால் பல மாடல்களில் கேபிள் ஒன்றல்ல, இரண்டு: ஒன்று திறக்க, மற்றது மூட.

இரண்டாவது, பல சிறிய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களில் கேபிள் நேரே கார்புரேட்டருக்குப் போவதில்லை. ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் மேக்னட் தட்டை முதலில் திருப்பும். அதனால் பிளக் நெருப்பு விடும் நேரம் முன்னால் வரும். அந்தத் தட்டிலோ, அதனோடு சேர்ந்த நெம்பிலோ ஒரு வளைந்த கேம் இருக்கும். அந்தக் கேம் ஒரு சிறு உருளையைத் தள்ளும். உருளை, கம்பி வழியாக, கார்புரேட்டருக்குள் இருக்கும் தகட்டைத் திறக்கும். நெருப்பு நேரமும் பெட்ரோல் அளவும் கைகோத்து ஏற வேண்டும். இடையில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் ஒன்று ஏறும், மற்றது ஏறாது. மோட்டார் "ஊ" என்று முனகிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். கேட்பவருக்கு அது பெட்ரோல் வராத சத்தம் போலவே இருக்கும். நாங்கள் ஏமாந்தது இங்கேதான்.

ஆகவே, வேகம் ஏறவில்லை என்று ஒருவர் வந்தால் சாமானில் கை வைக்காமல் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மோட்டார் மூடியைக் கழற்று, மோட்டாரை ஓடவிடாதே, நடுவில் பிரித்துப் பார்.

அதற்கு முன் சில எச்சரிக்கைகள் உண்டு. நிறுத்தும் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். பிளக் மூடிகளையும் கழற்றித் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறியைக் கையால் திருப்பும்போது மோட்டார் ஒரு உதை உதைக்கக்கூடும். தண்ணீர் இல்லாமல் மணலில் வைத்து மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது வேண்டாம். தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம் வெகு சீக்கிரம் கருகிவிடும். சின்னக் குறையைப் பார்க்கப் போய்ப் பெரிய செலவை இழுத்துக்கொண்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது கியர். பல மாடல்களில் மோட்டார் நியூட்ரலில் இருக்கும்போது கைப்பிடி முழுவதும் திரும்பாது. பாரமில்லாமல் மோட்டார் கண்டபடி சுற்றிவிடாதிருக்க வைத்த தடை அது. இதைத் தெரியாமல் "கேபிள் இறுகிவிட்டது, புதுசு கொடுங்கள்" என்று ஒரு பையன் எங்களிடம் வந்தான். விசிறியைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே முன் கியரில் போட்டுவிட்டு முறுக்கிப் பார்க்கச் சொன்னோம். முழுவதும் திரும்பியது. வியாபாரம் போனதே என்று எங்கள் கடைப் பையன் முகத்தைச் சுளித்தான். அந்தப் பையனின் குடும்பம் இன்றைக்கும் எங்களிடம்தான் சாமான் வாங்குகிறது.

இனி நடுவில் பிரிக்கும் முறை. கார்புரேட்டர் நெம்பில் வந்து சேரும் கம்பியை மட்டும் கழற்றுங்கள். சிலவற்றில் குமிழிலிருந்து மெல்ல நெம்பினால் வந்துவிடும். சிலவற்றில் ஒரு சிறு கிளிப் இருக்கும். கம்பி இல்லாமல் கேம் நேரே உருளையைத் தள்ளும் மாடலானால், கைப்பிடியை மூடி வைத்தாலே இரண்டும் பிரிந்து நிற்கும். இப்போது கார்புரேட்டர் நெம்பை விரலால் தள்ளிப் பாருங்கள். வழவழவென்று கடைசித் தடை வரை போய், விரலை எடுத்தவுடன் "டக்" என்று மூட வேண்டும். அப்படி நடந்தால் கார்புரேட்டர் பக்கம் குற்றமில்லை. குறை கைப்பிடிப் பக்கம். நெம்பு பிசுபிசுவென்று நகர்ந்தாலோ, பாதியில் நின்றாலோ, திரும்ப வரச் சோம்பினாலோ, தகட்டின் அச்சில் எண்ணெய்ப் பிசினும் உப்பும் பிடித்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் போய்விட்டது. அப்போதுதான் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் பேச்சே வர வேண்டும்.

பிறகு கைப்பிடியை முறுக்கிப் பாருங்கள். கம்பி இல்லாதபோதும் இறுக்கமாக இருந்தால் முதலில் அந்த இறுக்கத் திருகைத் தளர்த்திப் பாருங்கள். திருகு தளர்ந்தும் கை வலித்தால் கேபிள்தான். லேசாகத் திரும்பி, ஆனால் உள்ளே கேம் அசைய நேரமானால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. ஒருவர் முறுக்க, இன்னொருவர் கேபிள் முனையிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கண்ணால் தொடர்ந்து வர வேண்டும். எந்த இடத்தில் முன் கண்ணி அசைந்து பின் கண்ணி சும்மா நிற்கிறதோ அங்கே கை வையுங்கள். பத்து நிமிட வேலை இது. எங்கள் தொழிலாளிக்கு இதைச் சொல்லியிருந்தால் அன்று மாலையே அந்த விண்ட கிண்ணம் கண்ணில் பட்டிருக்கும்.

கேபிள் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. கேபிள் கெடுவது பெரும்பாலும் தேய்ந்து அல்ல, உப்பால். அலைத் தண்ணீர் உறையின் முனை வழியாக உள்ளே இறங்கும். வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். இரண்டு வாரம் மோட்டாரைச் சும்மா வைத்துவிட்டு எடுத்தால் கைப்பிடி கல்லாகிவிடும். பலம் கொண்டு முறுக்குவார்கள். உள் கம்பியின் ஓர் இழை அறும். அறுந்த இழை உறைக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் திறக்கும், மூடாது. அல்லது மூடும், திறக்காது. கைப்பிடியை மேலே மடக்கி வைக்கும் மோட்டார்களில் அந்த மடங்கும் இடத்தில் கேபிள் ஒடிந்து நசுங்குவதும் உண்டு.

இதற்கு நம் மக்கள் செய்யும் வைத்தியம் தேங்காய் எண்ணெய். வீட்டில் இருப்பதை ஊற்றுகிறார்கள், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் மார்கழிக் காலையில் நம் கடைப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் எப்படி வெள்ளையாக உறைந்து நிற்கிறது என்று நமக்குத் தெரியும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். கேபிளுக்குள்ளும் அதே கதைதான். நாளாக நாளாகப் பிசினாகவும் மாறும். பழைய இஞ்சின் ஆயிலும் வேண்டாம், அதில் கரியும் துருவும் கலந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த நேரம் இளகும். ஆனால் இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்க உலர்த்தி, மேல் முனையிலிருந்து மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, கீழ் முனையில் வெளிவரும் வரை உள் கம்பியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். முனைகளிலும் கண்ணிகளிலும் தண்ணீர் தாங்கும் கிரீஸைத் தடவ வேண்டும். உறை வெடித்த கேபிளுக்கும் இழை அறுந்த கேபிளுக்கும் இந்த வைத்தியம் கிடையாது. மாற்றத்தான் வேண்டும். இப்போது தாராளமாக விற்கலாம்.

வேகம் ஏறாதது பிழைப்பைக் கெடுக்கும். வேகம் இறங்காதது உயிருக்கு வரும். இந்த இரண்டாவது குறையோடு ஒருவர் வந்தால் விலை, பற்று, பாக்கி எதையும் பேசாமல் அன்றே கவனிக்கச் சொல்லுங்கள். நம் கரையில் துறைமுகம் இல்லாத ஊர்களில் வள்ளம் அலையோடு அலையாக வந்து மணலில் ஏறுகிறது. அலை மடங்கும் இடத்தில், சரியான நொடியில் மோட்டாரைக் குறைத்துத் தூக்க வேண்டும். அந்த நொடியில் கைப்பிடி திரும்பியும் மோட்டார் குறையாவிட்டால், முன்னால் தண்ணீரில் நின்று வள்ளம் பிடிக்கிறவர்கள் மேல் போய் ஏறும். விசிறியும் சுற்றிக்கொண்டிருக்கும். காரணங்கள் சிலதான்: கார்புரேட்டர் அச்சு ஒட்டிக்கொள்வது, ஸ்பிரிங் ஒடிவது, மூடும் கேபிள் அறுவது, இறுக்கத் திருகை அளவுக்கு மீறி முடுக்கியிருப்பது. எதுவானாலும் சரி செய்யும் வரை கடலில் இறக்கக் கூடாது. நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அதைக் கட்டைப் பிளாஸ்டிக்கோடு சுற்றி மோட்டாரிலேயே கட்டி வைத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கயிறு தொலைந்தது என்று வருவோருக்கு அதைத் தனியாக விற்க நாம் சரக்கு வைத்திருக்க வேண்டும்.

அவசரத்துக்குக் கட்டுக்கம்பி போட்டுக் கண்ணியைக் கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கரைக்கு வந்து சேர ஒரு முறை உதவலாம். அதையே மாதக்கணக்கில் வைத்து ஓட்டினால் கம்பி முனை எங்காவது மாட்டிக்கொண்டு, மேலே சொன்ன இறங்காத வேகத்தில் கொண்டுபோய் விடும். நாம் கட்டுக்கம்பி விற்கிறவர்கள்தான். ஆனாலும் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

புது கேபிளோ கிண்ணமோ போட்டபின் பார்க்க வேண்டியவை: கைப்பிடி முழுவதும் மூடியிருக்கும்போது கேம் உருளையைத் தள்ளிக்கொண்டு நிற்கக் கூடாது. முழுவதும் திறந்தால் கார்புரேட்டர் நெம்பு தன் கடைசித் தடையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கேபிளின் திருகு முனையில் நீளத்தைத் திருத்த வேண்டும். அப்படித் திருத்தும்போது மரையில் குறைந்தது 8 மி.மீ. உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்; ஓரமாகத் தொற்றி நிற்கும் மரை கடலில் கழன்றுவிடும். கழற்றுவதற்கு முன்பே பழைய இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். மேக்னட் தட்டின் குறிகளையும் நெருப்பு நேரத்தையும் திருத்துவது மெக்கானிக் வேலை. அதில் நாமும் புகுந்து யோசனை சொல்ல வேண்டாம், தொழிலாளியையும் புகவிட வேண்டாம். ஸ்லோ வேகத்துக்கான திருகைத் திருப்பிக் கண்ணியின் குறையை மறைப்பதும் தவறு. நின்றுபோகும் மோட்டார் அன்றைக்கு நிற்காமல் ஓடும். குறை அப்படியே இருக்கும்.

கண்ணி எல்லாம் சரி, தகடு முழுவதும் திறக்கிறது, ஆனாலும் வள்ளம் போகவில்லை என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: மோட்டார் அலறுகிறதா, முனகுகிறதா? அலறிக்கொண்டு வள்ளம் மட்டும் நகராவிட்டால் விசிறியின் நடுவில் இருக்கும் ரப்பர் வழுக்குகிறது, அல்லது அதன் பின் அறுந்திருக்கிறது. முனகினால் பெட்ரோல், பிளக் பக்கம் போகலாம். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரானால், நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துகிறாரா என்றும் கேளுங்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் பிளக்கும் கார்புரேட்டரும் அடிக்கடி கெடுகின்றன.

கடைசியாகச் சரக்கு விஷயம். "யமஹா 8 கேபிள்" என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரே குதிரைசக்தியில் பல மாடல்கள் உண்டு. கேபிள் நீளமும் முனையும் மாறும். மோட்டாரின் பிடிச்சட்டத்தில் இருக்கும் தகட்டிலுள்ள மாடல் எண்ணை எழுதி வரச் சொல்லுங்கள். பழைய கேபிளையும் கொண்டு வரச் சொல்லிப் பக்கத்தில் வைத்து அளந்து கொடுங்கள். நாங்கள் பற்று நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் மேலே அவர் மோட்டாரின் மாடல் எண்ணை எழுதி வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு திரும்பி வரும் சரக்கு வெகுவாகக் குறைந்தது. உப்பு மூட்டைக்கு மேல் கேபிளைத் தொங்கவிடாதீர்கள். எங்கள் கடையில் பல வருடம் அப்படித்தான் தொங்கியது, விற்கும் முன்பே துருப் பிடித்தது. வளைத்து ஒடித்துக் கட்டாமல் அகலமான வளையமாகச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணம், கிளிப், ஸ்பிரிங் ஆகிய மூன்றும் விலை குறைந்தவை, லாபமும் சொற்பம். ஆனால் இவை இல்லாததால்தான் வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன.

ஜான்சன், எவின்ரூட் சாமான்களை வாங்கும்போது கவனம் தேவை. 1909-இல் தொடங்கிய பழைய பெயர் எவின்ரூட். இரண்டையும் செய்துவந்த அமெரிக்கக் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலாகி, 2001-இல் வேறு கைக்குப் போனது. எவின்ரூட் மோட்டார் உற்பத்தியும் 2020-இல் நின்றுவிட்டது. பழைய மோட்டார்கள் கடற்கரையில் ஓடும் வரை சாமான் கேட்பார்கள். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கி அடுக்கினால் பணம் அலமாரியில் உறங்கும். உங்கள் ஊரில் அந்த மோட்டார் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எங்கள் ஊரில் எண்ணியபோது ஆறுதான் இருந்தது. அதில் இரண்டு வீட்டுப் பின்கட்டில் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றன.

ஜூன் முதல் தேதிக்குள் கேபிள், கிண்ணம், நிறுத்தும் கயிறு மூன்றையும் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரத்தைப் பற்றி அடுத்த பாடத்தில் எழுதுகிறோம்.